லேப்டாப் மூலையில் விரிசலா? முதலில் கீலைப் பாருங்கள்

ஜனவரி மாதம், காலை ஏழரை மணி. கடை ஷட்டரைத் தூக்கி இன்னும் டீ கூடக் குடிக்கவில்லை. பக்கத்துத் தெருவில் இருக்கும் கல்லூரி மாணவி லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். "அண்ணா, இந்த மூலையை மட்டும் கொஞ்சம் ஒட்டிக் குடுங்க. பத்து மணிக்கு கிளாஸ் இருக்கு."

மூடியைத் திறந்தேன். 'டக்' என்று ஒரு சத்தம். இடது மூலையில் திரையின் சட்டம் வாயைப் பிளந்தது. உள்ளேயிருந்து மிளகளவு பித்தளை நட்டு ஒன்று, தன்னைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கையும் பிய்த்துக்கொண்டு மேசையில் உருண்டது.

அன்றைக்கு ஒட்டிக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் அடுத்த நாளே திரும்பி வந்திருக்கும், கொஞ்சம் பெரிய விரிசலோடு. நீலகிரி மலையில் கோத்தகிரியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் எனக்கு லேப்டாப் வேலை தானாக வந்து சேர்ந்தது. இங்கே வரும் உடைந்த லேப்டாப்களில் முக்கால்வாசி இந்த மூலைக் கேஸ்தான். ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரிந்த யாரும் வீட்டில் இதைச் சரிசெய்யலாம். அவசரப்படாமல் மூன்று நாள் ஒதுக்க வேண்டும், அவ்வளவுதான். வாரன்ட்டி இன்னும் முடியவில்லை என்றால் மட்டும் நீங்களே திறக்காமல் சர்வீஸுக்கு எடுத்துப் போங்கள்.

ஏன் அந்த மூலையில் மட்டும்?

லேப்டாப்பின் உடம்பைக் கடைக்காரர்கள் நான்கு தட்டுகளாகப் பிரித்துச் சொல்வார்கள். மூடியின் வெளிப்புறம் ஏ பேனல், திரையைச் சுற்றியுள்ள சட்டம் பி பேனல், கீபோர்டும் கை வைக்கும் இடமும் உள்ளது சி பேனல், அடிப்பாகம் டி பேனல். மூடியையும் கீழ்ப்பாகத்தையும் இணைக்கும் கீலின் ஒரு கை ஏ பேனலிலும் மறு கை சி பேனலிலும் திருகப்பட்டிருக்கும். (கடையில் கீல் என்று கேட்டால் முழிப்பார்கள். ஹிஞ்ச் என்று கேளுங்கள்.)

இது கதவுக் கீல் மாதிரி லொடலொடவென்று ஆடாது. நிறுத்திய இடத்தில் மூடி நிற்க வேண்டும் என்பதற்காக அச்சில் வாஷர்களை நெருக்கி, உராய்வு வைத்துச் செய்திருப்பார்கள். நாளாக நாளாக உள்ளே இருக்கும் கிரீஸ் காய்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் இறங்கினால் கோத்தகிரியில் துணி நாலு நாளானாலும் காயாது. அதே ஈரத்தில் கீலின் இரும்பும் துருப்பிடிக்கிறது. மார்கழிக் குளிரில் மிச்சமிருக்கும் கிரீஸும் கெட்டிப்படுகிறது. கீல் இறுகிவிட்டால் நாம் மூடியைத் தூக்கும் விசை அச்சைச் சுழற்றாமல் திருகுகள் மேல் போய் விழும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மூடியின் உயரம் சுமார் 22 செ.மீ. கீலின் தகடு 2 அல்லது 3 செ.மீ. நீளம்தான். விளிம்பில் நாம் 1 கிலோ அளவுக்குத் தூக்கினால், தகட்டைப் பிடித்திருக்கும் இடத்தில் அது எட்டு ஒன்பது கிலோவாகப் போய் இழுக்கிறது. அங்கே பிடித்து நிற்பது, சூடாக்கிப் பிளாஸ்டிக் குழலுக்குள் அழுத்திய அந்தப் பித்தளை நட்டு. குழலின் சுவர் ஒரு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம்.

ஆக, வெளியே தெரியும் விரிசல் நோயின் அடையாளம் மட்டுமே. கீலைத் தளர்த்தாமல் பசை போடுவது காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரைக் கழுவுகிற கதை.

என்ன விரிசல் என்று பார்ப்பது

மொபைல் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு மூடியை மிக மெதுவாகத் திறந்து மூடுங்கள். கண் இரண்டு மூலைகளிலும் இருக்கட்டும். மூடி அசையும்போது இடைவெளி விரிந்து சுருங்கினால் அது கீல் கேஸ். உடனே திறந்து மூடுவதை நிறுத்துங்கள். வேலை இருக்கிறது என்றால் ஓர் இடத்தில் திறந்தபடி வைத்து முடித்துவிட்டு, அப்புறம் கை வையுங்கள். அந்த நிலையில் ஒவ்வொரு முறை மூடும்போதும் திரைக்குப் போகும் வயரும் நசுங்குகிறது. விரிசலுக்கு ஒரு செலவு, டிஸ்ப்ளேவுக்கு அதைப்போல் பல மடங்கு.

இடைவெளி அசையாமல், கை வைக்கும் இடத்தின் விளிம்பிலோ சார்ஜர் துளையின் ஓரத்திலோ மயிரிழை போல ஒரு கோடு மட்டும் ஓடினால் பயமில்லை. கீழே விழுந்ததோ, பையில் அழுந்தியதோ காரணமாக இருக்கும். அதை உள்பக்கமிருந்து ஒட்டினால் போதும்.

மூன்றாவது வகையில்தான் ஏமாந்துபோகக் கூடாது. டச்பேட் மேலே எழும்பி, சி பேனலுக்கும் டி பேனலுக்கும் நடுவில் வாய் திறந்து, மேசையில் வைத்தால் லேப்டாப் ஆடுகிறதா? அது பேட்டரி உப்பியிருப்பதன் அடையாளம். அமுக்கி மூடவோ கிளிப் போட்டு ஒட்டவோ முயலவே கூடாது. சார்ஜ் போடுவதை நிறுத்தி, அணைத்து, பேட்டரி மாற்றுபவரிடம் கொண்டுபோங்கள். லித்தியம் பேட்டரி குத்துப்பட்டால் தீப்பிடிக்கும்.

கழற்றுவது

முக்கியமான ஃபைல்களை பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பை முழுதாக அணையுங்கள், ஸ்லீப்பில் விடாதீர்கள். சார்ஜரைப் பிடுங்குங்கள்.

ஒரு விஷயம் சமவெளிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்காது. தை, மாசியில் இங்கே காற்று காய்ந்திருக்கும்; கம்பளி ஸ்வெட்டரைக் கழற்றினால் படபடவென்று பொறி பறக்கும். அந்தப் பொறி உள்ளே இருக்கும் ஒரு சிப்பைக் கொன்றுவிடும். ஸ்வெட்டரைக் கழற்றி வைத்துவிட்டு, தண்ணீர்க் குழாய் இரும்பாக இருந்தால் அதையோ வேறு ஏதாவது பெரிய உலோகத்தையோ தொட்டுவிட்டு உட்காருங்கள். கம்பளி விரிப்பின் மேல் வைத்து வேலை செய்யாதீர்கள்.

அட்டை ஒன்றில் லேப்டாப்பின் அடிப்பாகத்தை வரைந்து, எடுக்கும் ஒவ்வொரு திருகையும் அதனதன் இடத்தில் குத்தி வையுங்கள். சோம்பல்பட்டு எல்லாவற்றையும் ஒரே கிண்ணத்தில் போடுபவர்கள் கடைசியில் அழுவார்கள். திருகுகள் பார்க்க ஒன்றுபோல இருக்கும், நீளம் வேறு. 3 மில்லிமீட்டர் திருகு போக வேண்டிய இடத்தில் 6 மில்லிமீட்டர் போனால் சி பேனலைத் துளைத்துக்கொண்டு மேலே கொப்புளம் போல எழும்பும். நாமே புது விரிசல் போட்ட மாதிரி. ரப்பர் கால்களுக்கு அடியிலும் திருகு ஒளிந்திருக்கலாம், தடவிப் பாருங்கள்.

திருகெல்லாம் எடுத்த பிறகும் பேனல் கிளிப்பில் நிற்கும். கத்தி வேண்டாம். காலாவதியான ஏடிஎம் கார்டை இடுக்கில் நுழைத்து, கீலிலிருந்து தூரமான பக்கத்தில் தொடங்கி மெல்ல நகர்த்துங்கள். குளிர்ந்த கிளிப் சட்டென்று முறியும். அதனால் ஒரு மணி நேரம் கணகணப்பான அறையில் வைத்திருந்துவிட்டுத் திறப்பது நல்லது. திறந்ததும் முதல் வேலை பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. சில மாடல்களில் கீபோர்டின் பட்டை வயர் இரண்டு தட்டுகளையும் சேர்த்துப் பிடித்திருக்கும், வெடுக்கென்று தூக்கினால் கிழிந்துவிடும். ஒவ்வொரு கட்டத்திலும் மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

மூடியில் வேலை என்றால் பி பேனலைக் கழற்றி, திரையையும் எடுத்து, துணிமேல் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் அடுத்தது. திரையோடு சேர்த்து வேலை பார்த்து அதை உடைத்தவர்களை எனக்குத் தெரியும். அதில் ஒருவன் நானே.

கீலைத் தளர்த்துவது

கீலை வெளியே எடுத்துக் கையில் பிடியுங்கள். விரலால் மடக்க முடியாத அளவு இறுகியிருந்தால் நோய் அங்கேதான். அச்சின் நுனியில் சிறிய நட்டு தெரியும். அதை இடப்பக்கமாகக் கால் சுற்று மட்டும் திருப்பி, மடக்கிப் பாருங்கள். போதவில்லை என்றால் இன்னொரு கால் சுற்று. மொத்தமாக அவிழ்த்துவிட்டால் வாஷர் வரிசை கலைந்து, அப்புறம் மூடி நிற்கவே நிற்காது. இரண்டு கீல்களும் ஏறக்குறைய ஒரே இறுக்கத்தில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் இறுகியிருந்தால் மூடி முறுக்கிக்கொண்டு மேலே வரும்.

சில கீல்களில் நட்டே இருக்காது, தகட்டையே சுருட்டி அச்சைப் பிடித்திருக்கும். அதற்கு ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விட்டு, இருபது முறை மடக்கி நீட்டி, கசிவதைத் துடைத்தெடுங்கள். துரு பொடியாக உதிர்ந்தால் முதலில் பழைய டூத் பிரஷால் தேய்த்துவிடுங்கள். இதெல்லாம் கீல் தனியாகக் கையில் இருக்கும்போது செய்ய வேண்டியவை. எண்ணெய் பிளாஸ்டிக்கில் பட்டால் பசை பிடிக்காது.

எவ்வளவு தளர்த்தினால் சரி? மாட்டிய பிறகு மூடியை ஒரு விரலால் நகர்த்த முடிய வேண்டும், கையை எடுத்தால் பாதிச் சரிவிலும் விழாமல் நிற்க வேண்டும். துருவேறி வாஷர் தேய்ந்துபோன கீலோடு மல்லுக்கட்டாதீர்கள், புதியது வாங்கிவிடுங்கள்.

ஒட்டுவது

அஞ்சு ரூபாய் சூப்பர் க்ளூதான் எல்லோரும் முதலில் தேடுவது. பத்து வருடங்களுக்கு முன்னால் என் சொந்த லேப்டாப்பின் மூலையில் நானும் அதைத்தான் ஊற்றினேன். அது தண்ணீர் மாதிரி, விரிசல் வழியே கீலின் அச்சுக்குள் இறங்கிவிட்டது. மறுநாள் மூடியைத் தூக்கினேன். பூட்டுப் போட்ட மாதிரி இருந்தது. கொஞ்சம் அழுத்தித் தூக்கியதும் விரிசல் நாலு விரல் நீளத்துக்கு ஓடியது. போதாததற்கு அதன் ஆவி படிந்து கேமராவைச் சுற்றி வெள்ளைப் பூஞ்சை போல ஒரு பூச்சு. காற்றில் ஈரம் அதிகமென்றால் இந்த வெள்ளை இன்னும் கூடும். அந்தப் பசை இறுகினால் கண்ணாடி போல, வளைத்தால் முறிந்துவிடும். மயிரிழைக் கோட்டுக்கும், உடைந்து விழுந்த சிறு துண்டைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கவும் அது சரி. பாரம் தாங்கும் இடத்துக்கு ஆகாது.

கீல் இருக்கும் இடத்துக்கு, இரண்டு ட்யூபாக வரும், கலந்து பூசும் எபாக்ஸி பசை வேண்டும். அரால்டைட் இங்கே எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகையை வாங்காதீர்கள். மெதுவாக இறுகும் சாதாரண வகைதான் வலு, வேலை செய்யவும் நேரம் கொடுக்கும்.

பிளாஸ்டிக்கைத் தயார் செய்வதில்தான் பாதி வெற்றி. பழைய பசை, உதிரித் துண்டு, தூசு எல்லாவற்றையும் எடுங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள். சானிடைசர் வேண்டாம், அதில் கிளிசரின் இருக்கும். பிறகு 120 நம்பர் உப்புத்தாளால் நட்டு உட்காரும் இடத்தையும் சுற்றி ஒரு விரலளவு இடத்தையும் பளபளப்பு போகும்வரை தேய்த்து, ஊசிமுனையால் அங்கங்கே குழி போடுங்கள். பசைக்கு அதுதான் பிடிமானம். மறுபடி துடைத்துக் காயவிடுங்கள்.

இப்போது நட்டு. திருகின் மரைக்குள் பசை போய்விட்டால் எல்லாம் வீண். அதனால் திருகில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு வேண்டும். நான் பயன்படுத்துவது தேங்காய் எண்ணெய். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும் என்பதால் நம் ஊரில் வருடத்தில் பாதி நாள் பாட்டிலிலிருந்து வரவே வராது. தலைக்குத் தேய்க்க எரிச்சலூட்டும் அதே எண்ணெய், இந்த வேலைக்கு கிரீஸ் போல ஒட்டி நிற்கும். திருகைக் கீலின் ஓட்டை வழியாக நுழைத்து, மறுபக்கம் பித்தளை நட்டைப் போட்டு லேசாக இறுக்குங்கள். கீல் தகட்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் பால் பாக்கெட் கவரை வெட்டி வைத்து, திருகு போக ஓட்டை போடுங்கள். எபாக்ஸி அந்தக் கவரில் ஒட்டாது. இப்படிச் செய்தால் கீலே அச்சாக நின்று, நட்டுகள் அம்மி நகராத மாதிரி சரியான இடத்தில் உட்காரும்.

இரண்டு ட்யூபிலும் சம அளவு பிதுக்கி, அட்டைத் துண்டில் இரண்டு நிமிடம் நன்றாகக் கலக்குங்கள். குளிரில் பசை பாகு மாதிரி இழுக்கும். ட்யூபுகளை மூடியோடு வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் வைத்திருந்தால் இளகிவிடும். பல்குத்தும் குச்சியால் குழலுக்குள் நிரப்பி, நட்டைச் சொருகி, சுற்றிலும் மேடாகப் பசை கட்டுங்கள். விரிசலின் உள்பக்கத்தில் ஃபைபர் கொசுவலைத் துண்டு ஒன்றைப் பசையில் நனைத்துப் பதித்தால் கட்டடத்தில் கம்பி கட்டின மாதிரி. மூடி மறுபடி பொருந்த வேண்டும், அதனால் மேட்டின் உயரத்தைக் கவனியுங்கள். வெளிப்பக்கம் விரிசலின் இரு ஓரமும் ஒரே மட்டத்தில் நிற்க செலோடேப் இழுத்து ஒட்டுங்கள்.

இனிக் காத்திருப்பு. பசையின் அட்டைப்பெட்டியில் 24 மணி நேரம் என்று போட்டிருப்பது 25 டிகிரி வாக்கில் இருக்கும் அறைக்கு. வெப்பம் 10 டிகிரி குறைந்தால் வேதிவினைக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். கோத்தகிரியில் டிசம்பர் அறையில் மூன்று நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊட்டியில் வெளியே உறைபனி விழும் இரவுகளில் அது இறுகுவதே நின்றுபோகும். நகத்தால் அழுத்தினால் பதிகிறது என்றால் இன்னும் ஆகவில்லை.

சீக்கிரம் வேண்டுமென்றால் ஒரு வழி இருக்கிறது. பெரிய அட்டைப்பெட்டிக்குள் 40 வாட் குண்டு பல்பைத் தொங்கவிட்டு, பேனலை அதிலிருந்து ஒரு அடி தள்ளி வையுங்கள். கோழிக்குஞ்சுக்குச் செய்வது மாதிரிதான். உள்ளே 35 முதல் 40 டிகிரி இருந்தால் ஓர் இரவு போதும். பல்பு அட்டையைத் தொடக் கூடாது, ஆளில்லாத வீட்டில் எரியவிடவும் கூடாது. பேனல் மட்டும்தான் உள்ளே போக வேண்டும். திரை, பேட்டரி எதுவும் கூடாது. ரூம் ஹீட்டர் முன்னாலோ கணப்புச் சட்டி ஓரத்திலோ காட்டுபவர்கள் இருக்கிறார்கள். பிளாஸ்டிக் கோணிக்கொண்டால் பிறகு எதுவும் பொருந்தாது.

மழைக்காலத்தில் இறுகிய எபாக்ஸி மேல் எண்ணெய் தடவின மாதிரி ஒரு படலம் நிற்கலாம். அதன் மேல் இரண்டாவது பூச்சு போட வேண்டுமானால் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைத்து, காயவைத்து, உப்புத்தாளால் தேய்த்துவிட்டுப் போடுங்கள்.

அசிட்டோன் ஊற்றிப் பிளாஸ்டிக்கையே கரைத்து ஒட்டலாம் என்று சொல்பவர்களும் உண்டு. பேனலின் உள்பக்கம் பாருங்கள், என்ன பிளாஸ்டிக் என்று பொறித்திருக்கும். வெறும் ஏபிஎஸ் என்றால் அது நடக்கும். லேப்டாப்களில் பெரும்பாலும் பாலிகார்பனேட் கலந்த ஏபிஎஸ், பிசி பிளஸ் ஏபிஎஸ் என்று இருக்கும். பாலிகார்பனேட்டில் அசிட்டோன் பட்டால் கண்ணுக்குத் தெரியாத நூறு விரிசல் விழும். நெயில் பாலிஷ் ரிமூவரும் பெரும்பாலும் அதேதான்.

குழலே மிச்சமில்லை என்றால்

நட்டு உட்கார்ந்த இடம் முழுதும் பொடியாகியிருந்தால் பசை மட்டும் தாங்காது. சி பேனலும் டி பேனலும் சேர்ந்த பகுதி என்றால் நான் துணிந்து துளை போடுவேன். 2.5 மில்லிமீட்டர் ஸ்க்ரூவை அடியிலிருந்து வாஷரோடு நுழைத்து, கீல் தகட்டின் மேல் நட்டு போட்டு இறுக்குவேன். பார்க்க அழகில்லை. ஆனால் அந்த மூலை மறுபடி என்னிடம் வந்ததில்லை. துளை போடும் முன் அந்த இடத்தில் போர்டோ வயரோ இல்லை என்று இரண்டு முறை பாருங்கள். பிளாஸ்டிக் துகளை ஊதாமல் பிரஷால் எடுங்கள்.

அழகு முக்கியம் என்றால் பேனலையே மாற்றலாம். பழைய பேனலின் உள்பக்க ஸ்டிக்கரில் பார்ட் நம்பர் இருக்கும். மாடல் பெயரைச் சொல்லிக் கேட்டால் போதாது, ஒரே மாடலில் இரண்டு மூன்று வடிவம் வரும். நம்பரைப் போட்டோ எடுத்து கோயம்புத்தூர் காந்திபுரத்திலோ சென்னை ரிச்சி தெருவிலோ உள்ள கடைகளுக்கு வாட்ஸப்பில் அனுப்பிக் கேளுங்கள். பேனல் வாங்கும்போது கீல் ஜோடியையும் சேர்த்து வாங்குங்கள். பழைய இறுகிய கீலைப் புதுப் பேனலில் மாட்டினால் ஆறு மாதத்தில் அதே 'டக்'.

தேய்மானம்

கை வைக்கும் இடத்தில் பெயின்ட் போய் வழவழப்பானதற்கு மருந்தில்லை. வினைல் ஸ்கின் ஒட்டிக்கொள்ளலாம், அப்படியே விட்டாலும் கெடுதலில்லை. கையைக் குத்தும் உடைந்த விளிம்பை 400, பிறகு 1000 நம்பர் உப்புத்தாளால் தண்ணீர் தொடாமல் மழுக்கிவிடுங்கள். ரப்பர் கால் விழுந்திருந்தால் கட்டாயம் போடுங்கள். காற்று போக இடமில்லாமல் சூடேறும், லேப்டாப் சாய்ந்து நிற்கும்.

ரப்பர் மாதிரி மெத்தென்ற பூச்சு உள்ள பழைய மாடல்கள் இந்த ஈரத்தில் சில வருடங்களில் பிசுபிசுக்கத் தொடங்கும். அது அழுக்கில்லை, பூச்சே சிதைகிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் பொறுமையாகத் தேய்த்து மொத்தமாக எடுத்துவிடுங்கள். ஸ்டிக்கர் பசையை எடுக்க இங்கே எல்லா வீட்டிலும் நீலகிரித் தைலம் எடுப்பார்கள். கண்ணாடி பாட்டிலுக்கு அது அருமை. லேப்டாப் பிளாஸ்டிக்கில் வேண்டாம், மங்கலாக்கி மிருதுவாக்கிவிடலாம்.

மாட்டிய பிறகு

தேங்காய் எண்ணெய் பூசிய திருகை அவிழ்த்து, துடைத்து, மறுபடி போடுங்கள். கை உணரும் இறுக்கம் போதும், முறுக்காதீர்கள். பால் கவரை எடுக்க மறக்கக் கூடாது. பேனலை மூடும் முன் மூடியை மெல்லப் பத்து முறை திறந்து மூடி, ஒட்டின இடம் அசைகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பிறகு பேட்டரியை இணைத்து, அட்டையிலிருந்து திருகுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போடுங்கள்.

இனிமேல் மூடியை மூலையில் பிடித்துத் தூக்காமல், நடுவில் பிடித்துத் திறங்கள். குளிர் காலையில் அறை கொஞ்சம் சூடான பிறகு திறங்கள். வெளியிலிருந்து குளிர்ந்த லேப்டாப்பைக் கணகணப்பான அறைக்குக் கொண்டுவந்தால் அரை மணி நேரம் பையிலேயே இருக்கட்டும், உடனே எடுத்தால் மேலே நீர் கோத்துக்கொள்ளும். மேட்டுப்பாளையம் பஸ்ஸில் போகும்போது மேலே உள்ள ரேக்கில் வைக்காதீர்கள். கொண்டை ஊசி வளைவில் மற்றவர் மூட்டை வந்து அதன் மேல் உட்காரும். மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மாணவிக்கு அன்றைய கிளாஸ் மொபைலில்தான் நடந்தது. லேப்டாப்பை நான்காம் நாள் கொடுத்தேன், ஒரு வாரம் கழித்துக் கொண்டுவரச் சொல்லி. கீல் திருகுகளில் ஒன்று அரைச் சுற்று தளர்ந்திருந்தது. நீங்களும் ஒரு வாரம் கழித்து அதை ஒருமுறை பார்த்து இறுக்கிவிடுங்கள்.